பல் அடைப்புப் பொருட்கள்

பல் அடைப்புப் பொருட்கள் என்பவை, பற்சொத்தையால் உண்டாகும் குழியைத் துப்புரவு செய்தபின் அதனை நிரப்பப் பயன்படும் பொருட்கள் ஆகும். இவை பெரும்பாலும் விலை, நிறம் ஆகியவற்றைக் கொண்டே ஒப்பிடப்படுகின்றன. ஆயினும் ஒரு பொருள் பல்லைப் பற்றிக்கொள்ளும் விதமே முதன்மையான வேறுபாடாகும். நலமான பற்பகுதி எவ்வளவு வெட்டப்படும் என்பது பெரிதும் அதனையே பொறுத்தது.

இரசக்கலவை

வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியைப் பாதரசத்துடன் குழைத்து இது பெறப்படுகிறது. "வெள்ளி அடைப்பு" என வழங்கப்பட்டாலும், எடையில் ஏறத்தாழ பாதி பாதரசமே. இது பல்லுடன் ஒட்டுவதில்லை. ஆகவே குழியை, வாய் குறுகி உள்ளே அகன்ற குடம் போலக் குடைய வேண்டும். இதற்காகச் சொத்தையில்லாத பகுதியும் இழக்கப்படுகிறது. மறுபுறம், எச்சிலின் ஈரத்தை இது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கடைவாய்ப் பற்களில் மெல்லும் அழுத்தத்தையும் பல ஆண்டுகள் தாங்கும்.

பாதரசம் பற்றிய சர்ச்சை புதியதன்று. 1840 இல் தோன்றிய அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர் சங்கம், இரசக்கலவையைப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதிமொழியை உறுப்பினர்களிடம் 1845 இல் கோரியது. அதனால் விளைந்த பிளவு, 1856 இல் சங்கம் கலைவதற்கு முக்கிய காரணமாயிற்று. அண்மைக்காலக் கட்டுப்பாடுகளுக்குச் சூழல் மாசே பெரிதும் காரணம். 2013 இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இதன் பயன்பாட்டைக் குறைக்கக் கோரியது. ஐரோப்பிய ஒன்றியத்தில், மருத்துவத் தேவையுள்ள நோயாளிகள் நீங்கலாக, 2025 சனவரி 1 முதல் இதற்குத் தடை உள்ளது. ஏற்கனவே உள்ள நல்ல அடைப்பைத் தக்க காரணமின்றி அகற்றுவது பொருத்தமன்று; அகற்றும்போது பாதரச ஆவி கூடுதலாக வெளிப்படும்.

கூட்டுப்பிசின்

பல்லின் நிறத்திலேயே அமைந்த இப்பொருள், பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் சேர்ந்தது. பாசுபாரிக் அமிலம் பற்சிப்பியில் நுண்துளைகளை உண்டாக்க, ஒட்டுப்பிசின் அவற்றுள் புகுந்து இறுகுகிறது. அமிலம் கொண்டு பற்சிப்பியைப் பதப்படுத்தும் முறையை மைக்கேல் புவோனகோர் 1955 இல் வெளியிட்டார். பல் நன்கு பற்றப்படுவதால் சொத்தையை மட்டும் நீக்கினால் போதும்.

ஆனால் நீல ஒளியால் இறுகும்போது பிசின் சற்றுச் சுருங்குகிறது. விளிம்பில் இடைவெளி விழுந்தால் அங்கே மீண்டும் சொத்தை தோன்றலாம். இதனைக் குறைக்கப் பொதுவாக ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக நிரப்புவர். அதுவரை எச்சில் படாமல் பல்லைக் காக்க வேண்டும் என்பதால் நேரமும் செலவும் கூடுகின்றன.

கண்ணாடி அயனோமர்

இது பல்லிலுள்ள கால்சியத்துடன் வேதிமுறையில் பிணைவதுடன், புளோரைடையும் சிறிது சிறிதாக வெளியிடும். எளிதில் தேய்ந்து உடையக்கூடியதாகையால் பாற்பற்களுக்கும் ஈறோரக் குழிகளுக்குமே ஏற்றது. சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி இதனை இட்டு நிரப்ப முடியும் என்பதால், மின்வசதியற்ற இடங்களில் பல்லைப் பிடுங்காமல் காக்க இது உதவுகிறது.