தரையின் கீழ் வெப்பம்

குளிர்நாடாகிய இங்கிலாந்தில் வீட்டைப் புதுப்பிப்போர் சிலர், தரைக்கல்லின் அடியில் மின்வெப்பக் கம்பியைத் தாமே பதிக்கின்றனர். கல் ஒட்டியபின் பிழை தெரிந்தால் தரையையே உடைக்க நேரும். ஆதலின் திட்டமே முதல் வேலை.

சதுர மீட்டருக்கு 150 வாட் எனக் கொண்டால், 4 சதுர மீட்டருக்கு 600 வாட். அதை 230 வோல்ட்டால் வகுக்க, ஏறத்தாழ 2.6 ஆம்பியர். அளவு சிறிதே; எனினும் குளியலறையில் ஈரமும் மின்சாரமும் கூடுகின்றன. ஆகவே 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தை அறுக்கும் காப்புக்கருவி இன்றியமையாதது.

கம்பிக்கு அடியில் வெப்பக்காப்புப் பலகை வேண்டும். இன்றேல் வெப்பம் கீழிறங்கி வீணாகும். அசையா அலமாரிகளின் அடியில் கம்பி கூடாது. வெப்பம் தேங்கிக் கம்பி கெடும். பதிக்குமுன்னும், பதித்தபின் கல் ஒட்டுமுன்னும் மின்தடையை அளந்து குறித்தல் வேண்டும். அளவு மாறின் கம்பி சிதைந்ததென அறியலாம்.

இணைப்பு வேலையோ தேர்ந்தவர்க்கே உரியது. 2005 முதல் அங்கு வீட்டு மின்வேலை கட்டட விதிகளுக்கு உட்பட்டுள்ளது. தன் கையால் செய்தல் சிக்கனமே. உயிரில் சிக்கனம் கூடாது.