பலாக்கொட்டை கேன்சரைத் தடுக்குமா? ஃபார்வர்டு மெசேஜ் சொல்லாத அறிவியல்

பலா சீசனில் கொச்சி மட்டாஞ்சேரி பக்கம் சாப்பிடப் போனால் சக்கக்குரு-மாங்கா கறி கிடைக்கும். சக்கக்குரு வேற ஒண்ணும் இல்லை, நம்ம பலாக்கொட்டைதான். ‘இது கேன்சரைக் கொல்லும்’ என்ற மெசேஜ் உங்கள் ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கலாம். அதற்குப் பின்னால் கொஞ்சம் அறிவியல் இருக்கு. ஆனால் முடிவுதான் தப்பு.

சர்க்கரைக்கும் கேன்சருக்கும் என்ன தொடர்பு?

இது காபியில் போடும் சர்க்கரை இல்லை. நம் உடலின் ஒவ்வொரு செல்லின் மேலும் குட்டிக் குட்டி சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். செடிகளிலும் உண்டு, நம் உடலிலும் உண்டு.

செல் புற்றாக மாறும்போது இந்தச் சங்கிலிகளும் மாறும். சாதாரண செல்லில் மறைந்திருக்கும் ‘டி ஆன்டிஜென்’ என்ற இரட்டைச் சர்க்கரை, பல வகைப் புற்றுநோய்களில் வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

புற்று செல் எப்படி ஒட்டுகிறது?

நோய் பரவ வேண்டுமென்றால், செல் இருந்த இடத்திலிருந்து கழன்று ரத்தத்தில் கலக்க வேண்டும். பிறகு வேறொரு இடத்தில் ஒட்ட வேண்டும். இந்த ஒட்டும் வேலையில் உதவுவது, நம் உடலே சுரக்கும் கேலக்டின்-3 என்ற லெக்டின். பிரிட்டனின் லிவர்பூல் பல்கலைக்கழகக் குழு 2007-இல் ஆய்வகத்தில் இதைக் காட்டியது.

புற்று செல்லின் மேல் மியூசின்-1 என்ற நீளமான புரதம் வேலி மாதிரி நிற்கும். ஒட்டும் மூலக்கூறுகள் அதற்குள் மறைந்திருக்கும். மியூசின்-1 மேல் இருக்கும் டி ஆன்டிஜெனை கேலக்டின்-3 பிடித்ததும், வேலி ஒரு பக்கமாக ஒதுங்கும். உள்ளே இருந்த ‘பசை’ வெளிப்பட்டு, செல் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பலாக்கொட்டை எங்கே வருகிறது?

பலாக்கொட்டையில் இருக்கும் ஜாக்கலின் என்ற லெக்டினும் இதே டி ஆன்டிஜெனைப் பிடிக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், ஏ. சுரோலியா ஆகியோரின் குழு 1996-இல் அதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டது.

1990-களில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மைய ஆய்வாளர்கள், வாய் மற்றும் கர்ப்பப்பை வாய்த் திசு மாதிரிகளில் பலாக்கொட்டை லெக்டினைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். நோய் முற்ற முற்ற, லெக்டின் திசுவில் படியும் விதம் மாறியது. கவனியுங்கள்: இங்கே லெக்டின், மைக்ரோஸ்கோப்பில் திசுவைப் படிக்க உதவும் கருவி. மருந்து அல்ல.

அப்போ, சாப்பிட்டால் பலன் உண்டா?

லிவர்பூல் குழுவின் 2001 ஆய்வு ஒன்று சுவாரஸ்யமானது. ஆய்வகத்தில் வளர்த்த பெருங்குடல் புற்று செல்களின் பெருக்கத்தை ஜாக்கலின் குறைத்தது. அதே சர்க்கரையைப் பிடிக்கும் வேர்க்கடலை லெக்டினோ கூட்டியது! ஒரே பிடி, நேர் எதிரான விளைவு. தவிர, நன்றாக வேகவைத்தால் லெக்டின் பெரும்பாலும் செயலிழந்துவிடும். அதனால் கடலையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பலாக்கொட்டையை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

கேலக்டின்-3-ஐத் தடுக்கும் மருந்துகள் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுள்ளன. புற்றுநோய் சிகிச்சைக்கு அங்கீகாரம் இன்னும் கிடைக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாயில் 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், டாக்டரிடம் காட்டுங்கள். பரவிய பிறகு அல்ல, ஒட்டி நிற்கும் இடத்திலேயே பிடித்தால்தான் சிகிச்சை சுலபம்.