வீட்டுப் பூனைக்கு முடி கொட்டினால்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோரிடம் "வீட்டில் நாய், பூனை ஏதேனும் வளர்க்கிறீர்களா?" என்று நாங்கள் கேட்பது வழக்கம். "பூனை இருக்கிறது, டாக்டர், வெளியே விடுவதே இல்லை. ஆனால் அதற்கும் வயிற்றில் முடி கொட்டியிருக்கிறது. அதிலிருந்துதான் எங்களுக்கு வந்ததோ?" என்று சிலர் கவலையுடன் திருப்பிக் கேட்பார்கள்.

பூனைக்கு மருத்துவம் பார்ப்பது கால்நடை மருத்துவரின் பணி. ஆயினும், பூனையின் தோலும் அதை மடியில் வைத்திருப்பவரின் தோலும் சில வேளைகளில் ஒரே நோயைப் பகிர்ந்துகொள்கின்றன. மேலும், மனிதருக்காக நாங்கள் எழுதித்தரும் சில மருந்துகள் பூனையின் உயிருக்கே ஊறு விளைவிப்பவை. ஆகவே இவ்விரண்டையும் பற்றி நம் வாசகர்கள் அறிந்திருப்பது நலம்.

உதிர்கிறதா, நக்கி அகற்றப்படுகிறதா?

முதலில் தெளிவாக வேண்டியது இதுவே. பூனையின் நாவில் சொரசொரப்பான முட்கள் போன்ற அமைப்புகள் உள்ளன. ஓரிடத்தை ஓயாமல் நக்கும்போது முடி இடையில் முறிந்துவிடுகிறது. முறிந்த முடியைப் பூனை விழுங்கிவிடுவதால் தரையில் முடி காணப்படுவதில்லை. மிரளும் இயல்புடைய பூனையோ கட்டிலுக்கடியிலும் அலமாரியின் பின்னாலும் ஒளிந்தபடி நக்கும். "எங்கள் பூனை அளவுக்கு மீறி நக்குவதே இல்லை" என்று வீட்டினர் உறுதியாகச் சொல்வதன் காரணம் இதுதான். வாந்தியிலோ மலத்திலோ முடி மிகுதியாகக் காணப்பட்டால் அதையும் கவனியுங்கள்.

முடியிழந்த பகுதியில் விரலால் மெல்லத் தடவும்போது, சவரம் செய்த தாடியைப் போல் சொரசொரப்பாக இருந்தால் அது நக்கியதன் விளைவாக இருக்கலாம். கால்நடை மருத்துவர் சில முடிகளை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, நுனி முறிந்துள்ளதா, வேரோடு வந்துள்ளதா என்பதைச் சில நிமிடங்களில் கூறிவிடுவார்.

'பயந்த பூனை' என்று முடிவுகட்டும் முன்

மிரளும் பூனைக்கு முடி கொட்டினால் "மனக்கலக்கம்தான் காரணம்" என்று எண்ணத் தோன்றும். ஆனால் 2006ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு விதமாகக் கூறுகிறது. மனக்கலக்கத்தால் முடி இழந்தவை என்று கருதப்பட்ட 21 பூனைகளை முழுமையாகச் சோதித்ததில், 16 பூனைகளுக்கு உடல்நோயே காரணமாக இருந்தது. 3 பூனைகளுக்கு உடல்நோயும் மனக்கலக்கமும் சேர்ந்திருந்தன. மனக்கலக்கம் மட்டுமே காரணமாக இருந்தவை 2 பூனைகள்தாம்.

பொதுவான காரணங்கள் இவை:

தெள்ளுப்பூச்சிக் கடியால் வரும் ஒவ்வாமை: முதுகின் கீழ்ப்பகுதியிலும் வாலின் அடியிலும் மிகுதி. ஒவ்வாமையுள்ள பூனைக்குச் சில கடிகளே போதும். பூனை பூச்சியையும் நக்கி விழுங்கிவிடுவதால், "பூச்சியே காணோம்" என்பது சான்றாகாது. வெளியே செல்லாத பூனைக்கும் பிற விலங்குகள் வழியாகவும் நம் உடை வழியாகவும் தெள்ளு வந்து சேரும்.

உணவு ஒவ்வாமை: மேற்கண்ட ஆய்வில் முதன்மையாக இருந்த காரணம் இதுவே. மருத்துவர் கூறும் தனி உணவை மட்டுமே சில வாரங்கள் கொடுத்துப் பார்ப்பதே இதற்கான சோதனை.

நுண்சிற்றுண்ணிகள்: கண்ணுக்குத் தெரியா, தோலைச் சுரண்டிச் சோதிக்க வேண்டும்.

உடலின் உள்ளே வலி: சிறுநீர்ப்பை வலியுள்ள பூனை அடிவயிற்றையும், மூட்டு வலியுள்ள பூனை அந்த மூட்டின் மேலும் நக்குவதுண்டு. ஆண் பூனை முக்கியும் சிறுநீர் கழிக்க இயலாதிருந்தால் அது அவசர நிலை. அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இவையெல்லாம் இல்லையென்று உறுதியான பின்னரே மனக்கலக்கத்தைக் கருத வேண்டும். குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் தங்க நேர்ந்து, மற்றவர்களும் மாறிமாறித் துணைக்கு வந்துவிடும் நாள்களில் பூனையின் ஒழுங்கு குலைந்துபோகும். உணவு வைக்கும் நேரத்தையும் உணவு வைப்பவரையும் இயன்றவரை மாற்றாதிருப்பது, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் ஏறி அமர உயரமான ஓர் இடமும் தருவது ஆகியவை எளிய உதவிகள்.

படர்தாமரை: நமக்கும் வருவது

மேற்சொன்ன ஒவ்வாமைகளும் வலியும் மனிதருக்குத் தொற்றுவதில்லை. சிற்றுண்ணிகளில் சில வகைகள் நமக்குத் தற்காலிக அரிப்பைத் தரலாம். முதன்மையாகக் கவனிக்க வேண்டியது படர்தாமரை. பூனையிடமிருந்து வருவதற்குப் பெரும்பாலும் காரணம் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சை. பூனையின் முகம், காது, முன்னங்கால்களில் செதிலுடன் கூடிய முடியற்ற திட்டுகள் தோன்றும். பெர்சியன் போன்ற நீண்ட முடிப் பூனைகளில் வெளிக்குறி எதுவும் இன்றியே பூஞ்சை இருக்கக்கூடும். புற ஊதாக் கதிர் விளக்கில் பசுமையாக ஒளிர்வது ஓர் அடையாளம்; எனினும் ஒளிராததை வைத்து இல்லையென்று கூற முடியாது. பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு, மூன்று வாரங்கள் ஆகலாம்.

மனிதருக்கு இது பூனையை அணைக்கும் கை, கழுத்து, முகம் ஆகிய இடங்களில் வளையமாகத் தோன்றும். சிறுவர்களுக்குத் தலையில் வந்தால் முடி உதிரும். சில வேளைகளில் சீழ்க்கட்டி போல் வீங்கும். தலையில் வந்ததற்குக் களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் தேவை. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் ஆகியோர் பூனையின் நோய் இன்னதென்று தெரியும்வரை அதைத் தொடாதிருப்பது நல்லது.

ஆனால் பழியெல்லாம் பூனைமேல் போட வேண்டாம். நம் நாட்டில் இன்று காணும் படர்தாமரையில் பெரும்பகுதி மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதே. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் பலருக்கு வந்திருந்தால் பொதுத் துண்டையும் படுக்கையையும்தான் முதலில் ஐயுற வேண்டும். பூனைக்குப் படர்தாமரை உறுதியானாலும் அதைத் தெருவில் விட்டுவிடத் தேவையில்லை. அது குணமாகக்கூடிய நோய். சிகிச்சை முடியும்வரை எளிதில் கழுவக்கூடிய ஓர் அறையில் வையுங்கள். உதிர்ந்த முடியை நாள்தோறும் அகற்றி, விரிப்புகளைத் துவைத்து வாருங்கள். பூஞ்சையின் வித்துகள் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும்.

நம் மருந்துகள் பூனைக்கு நஞ்சு

இப்பகுதியை வீட்டிலுள்ள அனைவரும் படிக்க வேண்டுகிறேன். சொறி சிரங்குக்காக நாங்கள் தரும் பெர்மெத்ரின் களிம்பைப் பூனைக்குத் தடவினால் நடுக்கமும் வலிப்பும் ஏற்பட்டு அது இறக்கலாம். நாய்களுக்கான சில பூச்சி மருந்துகளிலும் இது உண்டு. ஒரேயொரு பாராசிட்டமால் மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கவல்லது. முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் சிறிதளவே பட்டாலும் பூனையின் இதயத்தைப் பாதிக்கும். அதைத் தடவியபின் கையைக் கழுவுங்கள், தலையணை உறையைப் பூனை நக்க விடாதீர்கள். பூனைக்குத் தடவும் எதுவும் அதன் வயிற்றுக்குள் போய்விடும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் படர்தாமரைக்குப் போடுவது மனிதருக்கும் கேடு. அரிப்பு தற்காலிகமாக அடங்கும். பூஞ்சையோ உள்ளூரப் பரவும்.

மிரளும் பூனையைக் கொண்டுசெல்லும் முறை

விரட்டிப் பிடித்துச் சாக்கில் போடுவது கடியில்தான் முடியும். பூனைக் கூடையைச் சில நாள்களுக்கு முன்பே திறந்துவைத்து, பழகிய துணியை விரித்து, உள்ளேயே உணவு வையுங்கள். தானாக நுழையப் பழகியபின் மூடி, மேலே துணி போர்த்திக் கொண்டுசெல்லுங்கள். முடியிழந்த இடங்களையும் நக்கும் காட்சியையும் கைப்பேசியில் பதிவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். மிகவும் அஞ்சும் பூனைக்கு முன்கூட்டியே தரக்கூடிய அமைதி மருந்து உண்டா என்று அவரிடமே கேளுங்கள்.

பூனை கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். பூனையின் பல் மெல்லியது; காயம் சிறிதாகத் தெரிந்தாலும் கிருமி ஆழத்தில் சென்றிருக்கும். வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடக் கூடாது.

தோலில் வளையம் போன்ற திட்டு, குழந்தையின் தலையில் முடியுதிர்வு, வீட்டில் பலருக்கும் ஒருங்கே அரிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் தோல் நோய்ப் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது பூனையைப் பற்றியும் சொல்லுங்கள். கால்நடை மருத்துவரிடம் செல்லும்போது உங்கள் தோலைப் பற்றியும் சொல்லுங்கள். இரு மருத்துவர்களும் அறிந்திருந்தால்தான் இரு பக்கமும் ஒரே காலத்தில் குணமாகும்.