டிக்கெட்டில் யார் போன் நம்பர்?

ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் நெருங்கினால் எங்கள் பக்கத்தில் நோட்டீஸ் வந்துவிடும். 'விமானத்தில் காசி, கயா, பிரயாகை. 4 நாள். நம்ம ஊர்ச் சாப்பாடு. தங்கும் அறை, வேன் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம்' என்று மளிகைக் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டியிருப்பார்கள். நம்மைப் போன்ற பெண்களுக்கு இது பெரிய வசதிதான். மூன்று நாள் ரயிலில் உட்கார முடியாத வயதானவர்களையும் அழைத்துப் போகலாம். சமையல், பாஷை என்று எந்தக் கவலையும் இல்லை.

சாப்பாட்டில் வெங்காயம் பூண்டு சேர்ப்பார்களா, அறையில் வெந்நீர் வருமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். விமானமே போகவில்லை என்றால் நம் பணம் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

2024 தை அமாவாசைக்கு எங்கள் ஊரிலிருந்து 9 பெண்கள் இப்படி ஒரு டூருக்குப் பணம் கட்டினோம். ஆளுக்கு 26,000 ரூபாய். ஒருத்தி பால் சொசைட்டியில் சேர்த்தது, ஒருத்தி ஏலச்சீட்டு எடுத்தது, இன்னொருத்திக்கு மகன் அனுப்பியது. என் மாமியாருக்கு மாமனாரின் பெயரில் கங்கைக் கரையில் பிண்டம் வைக்க வேண்டும் என்பது பல வருஷ ஆசை. ஆட்டுக் குட்டிகளை விற்ற பணத்தை அதற்கென்றே முடிந்து வைத்திருந்தார்.

ராத்திரியே வேன் பிடித்துப் போய் விடியற்காலையில் மீனம்பாக்கத்தில் இறங்கினோம். கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஃபிளைட் கேன்சல் ஆகி மூணு நாள் ஆச்சேம்மா. உங்க நம்பருக்கு மெசேஜ் அனுப்பியிருக்கோமே" என்றார். அங்கே இருந்தது எங்கள் நம்பர் இல்லை. ஒன்பது டிக்கெட்டிலும் டூர் நடத்துபவருடைய போன் நம்பரே இருந்தது.

அவருக்குப் போன் போட்டால், "விமானக் கம்பெனிக்காரன் ரத்து பண்ணினா நான் என்னம்மா பண்றது? அடுத்த டூர்ல உங்க பணத்தை வரவு வச்சிடறேன்" என்றார். எங்களோடு வந்த ஒருத்தியின் மகன் சென்னையில் படிக்கிறான். அவன் டிக்கெட் எண்ணை வைத்து விசாரித்தபோதுதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. விமான நிறுவனம் வேறு விமானமா, பணமா என்று கேட்டிருக்கிறது. இவர் பணம் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பணமும் அவர் கணக்குக்கே போய்விட்டது.

ஊருக்குத் திரும்பியதும், "போனது போச்சு, சாமி காரியத்துல சண்டை வேணாம்" என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் விடவில்லை. பணம் கட்டிய ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள், வேன் வாடகை ரசீது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தோம். நடந்ததைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதி, 15 நாளில் முழுப் பணமும் வேன் செலவும் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்று 9 பேரும் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பன்னிரண்டாம் நாள் அவரே போன் செய்தார். டூர் பணம் முழுவதும், வேன் வாடகையும் இரண்டு தவணையில் வந்து சேர்ந்தது. "பணம் வந்துடுச்சும்மா, அந்த அமாவாசை வருமா?" என்றார் என் மாமியார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வருஷம் ஆடியில் ரயிலிலேயே போய் வந்தார்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உள்ளூர் விமானங்களுக்கு டி.ஜி.சி.ஏ. என்ற மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதி வகுத்திருக்கிறது. ரத்து செய்தால் இரண்டு வாரம் முன்பே சொல்லி, நாம் விரும்புகிறபடி வேறு விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். அதற்குப் பிறகு, 24 மணி நேரம் முன்புவரை சொன்னால், குறித்த நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானம் அல்லது முழுப் பணம். இப்படிச் சொல்லாமல் ரத்து செய்தால் டிக்கெட் பணத்தோடு நஷ்டஈடும் தர வேண்டும். பறக்கும் நேரம் 1 மணி வரை என்றால் 5,000 ரூபாய், 2 மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது இதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைவான தொகைதான் கிடைக்கும்.

அந்த விதியிலேயே இன்னொரு வரியும் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது சரியான தொடர்பு விவரம் கொடுக்காத பயணிக்கு நஷ்டஈடு கிடையாது. டூர்காரர்கள் தங்கள் வசதிக்காக எல்லா டிக்கெட்டிலும் தங்கள் நம்பரையே போட்டுவிடுகிறார்கள். செய்தி அவர்களோடு நின்றுவிடுகிறது. நாம் ஏர்போர்ட்டில் போய் நிற்கிறோம்.

புயல், வெள்ளம், மூடுபனி, கலவரம், வேலைநிறுத்தம் போன்ற காரணங்களால் ரத்தானால் நஷ்டஈடு கேட்க முடியாது. டிக்கெட் பணம் அப்போதும் நம்முடையதுதான். மார்கழி, தையில் வடக்கே மூடுபனி அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். மூடுபனியால் தாமதமான ஒரு டெல்லி-ஹைதராபாத் விமான வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பனிக்கு விமான நிறுவனம் பொறுப்பில்லை, ஆனால் காத்திருப்பவர்களுக்கு உணவு, தண்ணீர் போன்ற அவசிய வசதிகளைச் செய்ய வேண்டியது அதன் கடமை என்று அதில் சொல்லியிருக்கிறது. ஆகவே காத்திருக்கும்போது சாப்பாடு கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நடந்ததை எல்லோரும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதற்கு ஏற்ப ஆள் ஏற்பாடு இல்லாமல் இண்டிகோ விமானங்கள் வரிசையாக ரத்தாயின. டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள், பரீட்சைக்குக் கிளம்பியவர்கள் எல்லாம் ஏர்போர்ட் தரையில் படுத்துக் கிடந்தார்கள். டிக்கெட் பணத்தை டிசம்பர் 7 இரவுக்குள் திருப்பித் தர அரசு உத்தரவிட்டது. மிகவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய் பயணக் கூப்பன் தருவதாக அந்த நிறுவனமும் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் சொந்த நம்பர் கொடுத்திருந்தால்தான் செய்தி நேராக நம் கைக்கு வரும்.

சரி, எங்களுக்கு நடந்ததுபோல் விமான நிறுவனம் முறைப்படி சொல்லிவிட்டது, மறைத்தது டூர்காரர் என்றால்? நம் நாட்டில் பேக்கேஜ் டூருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஐரோப்பிய நாடுகளில் விமானம், ஹோட்டல் எல்லாவற்றுக்கும் டூரை விற்றவரே பொறுப்பு என்று சட்டம் இருக்கிறது. நமக்கு 2019-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைச் செய்யாதது சேவைக் குறைபாடு. டூர் ஆபீஸ் சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு விழுப்புரம் போதும். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2016-ல் ராஜஸ்தானைச் சேர்ந்த ஒரு குடும்பம் காஷ்மீருக்குக் கிளம்பியது. ஜம்முவுக்கு ரயில் 4 மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டார்கள். டாக்ஸி பிடித்துப் போனார்கள். முன்பதிவுப் பணமும் வீணாயிற்று. ரயில்வே உச்ச நீதிமன்றம் வரை போயும் 2021-ல் அந்தக் குடும்பமே ஜெயித்தது. டாக்ஸிக்கு 15,000, முன்பதிவுக்கு 10,000, மன உளைச்சலுக்கு 5,000, வழக்குச் செலவுக்கு 5,000. தாமதத்துக்குச் சரியான காரணத்தை ரயில்வேயால் காட்ட முடியவில்லை.

டூருக்குப் பணம் கட்டப்போகும் சகோதரிகள் இவற்றைக் கவனிக்கவும்:

* டிக்கெட்டில் உங்கள் பெயரோடு உங்கள் போன் நம்பரும் இருக்க வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

* பி.என்.ஆர். எண்ணை வாங்கி விமான நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள். நம்பர் தப்பாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முதல் நாளும் ஒருமுறை கேளுங்கள்.

* ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது இல்லாமல் வராதீர்கள். நோட்டீஸைக் கிழித்துப் போடாதீர்கள். அதில் எழுதியிருப்பதுதான் அவர் கொடுத்த வாக்கு.

* விமானம் ரத்தானால், ரத்தானதற்கான காரணத்தோடு கவுண்டரில் எழுதி வாங்குங்கள்.

* "அடுத்த தடவைக்கு வரவு" என்றால் தலையாட்டாதீர்கள். விமான டிக்கெட் பணத்தை வரவாக வைப்பதா, கையில் வாங்குவதா என்பது பயணியின் விருப்பம்தான் என்று டி.ஜி.சி.ஏ. விதியே சொல்கிறது. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கும் பணம் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு உண்டு.

* விமான நிறுவனத்தின் மேல் குறை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதியலாம். மற்றபடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தமிழிலும் பேசலாம்.

* கடிதம் அனுப்பினால் நகல் வைத்துக்கொள்ளுங்கள். 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் கேட்டு வாங்குங்கள்.

ஒரு முழம் பூ வாங்கினாலும் அளந்து வாங்குகிறவர்கள் நாம். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை ஒருவரை நம்பிக் கொடுக்கும்போது, "டிக்கெட்டில் யார் போன் நம்பர் போட்டிருக்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

- ஒரு வாசகி, பனமலை, விழுப்புரம் மாவட்டம்.