செவிலியர் மருத்துவச்சியாவது எப்படி?

‘மருத்துவன்’ என்பதன் பெண்பாற் சொல் ‘மருத்துவச்சி’. ஆயினும் நம் ஊர்களில் அச்சொல் வைத்தியம் பார்க்கும் பெண்ணைக் குறித்ததில்லை. பிள்ளைப்பேறு பார்க்கும் பெண்ணையே குறித்து வந்தது. ‘செவிலி’ என்ற சொல்லின் கதையும் சுவையானதே. சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயாகவும் தோழியைப் பெற்ற தாயாகவும் வருபவள் செவிலி. இன்றோ மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலருகே நிற்பவரை அப்பெயரால் அழைக்கிறோம். சொற்கள் இரண்டு, தொழில்களும் இரண்டு. ஆனால் நம் நாட்டில் செவிலியர் படிப்பை முடித்துப் பதிவு செய்துகொள்ளும் பெண்ணுக்கு, ‘பதிவு பெற்ற செவிலியர்’, ‘பதிவு பெற்ற மருத்துவச்சி’ என்னும் இரு தகுதிகளும் ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன. அப்படியிருக்க, அவருக்கே மேலும் ஒன்றரை ஆண்டுப் பேறுகாலப் பயிற்சி எதற்கு? இக்கேள்விக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

முதலில் இரண்டு தொழில்களும் ஒன்றான கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். சென்னை எழும்பூரிலுள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையின் தொடக்கம் 1844. மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு 1854-இல் சென்னையில் அரசு இசைவளித்தது என்று செவிலிய வரலாற்று நூல்கள் கூறும். 1926-ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இரு சாராரையும் ஒரே மன்றத்தின் கீழ்ப் பதிவேட்டில் ஏற்றியது. தாயிடமிருந்து மகள் கைப்பழக்கமாகக் கற்ற பழைய மருத்துவச்சிக்கு அப்பதிவேட்டில் இடமில்லாது போயிற்று. நாளடைவில், மருத்துவச்சி என்பவர் செவிலியரின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டார்.

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என எத்தனையோ பாடங்கள். பேறுகாலம் அவற்றுள் ஒன்று. பெரிய மருத்துவமனையின் பிரசவ அறையில் மருத்துவ மாணவர், பயிற்சி மருத்துவர், செவிலிய மாணவியர் என அனைவருமே தத்தம் எண்ணிக்கையை நிறைவு செய்யக் காத்திருப்பர். பதிவேட்டில் எண் ஏறும். தாமே ஒரு தாயைத் தொடக்கம் முதல் இறுதிவரை பார்த்துக்கொண்டோம் என்ற துணிவு ஏறுவது அரிது. இதைவிட ஆழமான காரணமும் உண்டு. செவிலியர் கல்வி நோயை மையமாகக் கொண்டது. பிள்ளை பெற வந்தவள் நோயாளி அல்லள். அவளையும் நோயாளியைப் போலவே படுக்கவைத்து, குளுக்கோஸ் ஏற்றி, வலி கூட்டும் மருந்தை அதிலே கலந்து, ‘சீக்கிரம் ஆகட்டும்’ என்று நிற்பது பழக்கமாகிவிடுகிறது.

மருத்துவமனைப் பேறு உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. 2005-06-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் நூற்றுக்கு 39 பேறுகளே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2019-21 ஆய்வில் அது 89 ஆயிற்று. ஒரு லட்சம் பேறுகளுக்கு 2001-03-இல் 301 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20-இல் 97 ஆகக் குறைந்தது. ஆனால் அதே 2019-21 ஆய்வு வேறொன்றையும் காட்டுகிறது. அறுவை மூலம் நிகழும் பேறுகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 21, தமிழ்நாட்டில் 45, தெலங்கானாவில் 61. பத்து விழுக்காட்டுக்கு மேல் அறுவை கூடுவதால் ஒரு நாட்டில் தாய், சேய் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியிருந்தது. தேவைப்பட்டவளுக்கு அறுவை உயிர்ப்பிச்சை. தேவைப்படாதவளுக்கு அது வீண் தழும்பு, அடுத்த பேற்றுக்கும் தொடரும் இடர்.

இந்நிலையில்தான் 2018 டிசம்பரில் இந்திய அரசு பேறுகாலப் பணிக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதிவு பெற்ற செவிலியருக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி அளித்து, இயல்பான பேறுகளைத் தம் பொறுப்பிலேயே கவனிக்கும் மருத்துவச்சிகளை உருவாக்குவது அதன் நோக்கம். பன்னாட்டு மருத்துவச்சியர் கூட்டமைப்பு, செவிலியம் முடித்தவருக்கு விதிக்கும் குறைந்த அளவும் பதினெட்டு மாதமே. அதில் பாதிக்குக் குறையாமல் செய்முறையாக இருத்தல் வேண்டும் என்பதும் அதன் நியதி. தெலங்கானா இதற்கு ஓராண்டு முன்னரே, 2017-இல், ஐதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையோடு சேர்ந்து அரசுச் செவிலியருக்கு இப்பயிற்சியைத் தொடங்கிவிட்டது. அறுவை மிகுந்த மாநிலமே முந்திக்கொண்டதில் வியப்பில்லை.

அப்பதினெட்டு மாதத்தில் கற்பது என்ன? ஒரே ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம். பிரசவ அறையில் ‘பார்ட்டோகிராப்’ என்றொரு வரைபடத் தாள் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஃபிரீட்மன் 1950-களில் கருப்பைவாய் எத்தனை மணி நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் திறக்கிறது என்று வரைந்து பார்த்தார். 1972-இல், இன்று ஜிம்பாப்வே எனப்படும் ரொடீசியாவில் ஃபில்பாட், காசில் என்ற இருவர் அத்தாளில் இரு கோடுகளைச் சேர்த்தனர். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகத்தைக் காட்டுவது எச்சரிக்கைக் கோடு. அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி இருப்பது செயற்கோடு. தொலைவிலுள்ள சிறு நிலையங்களில் தனியே பணி செய்த மருத்துவச்சிகள், முதற்கோட்டைத் தாண்டியதுமே தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் அல்லவா? நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலப்போக்கில் அக்கோடு எச்சரிக்கை என்பது போய்க் கெடு ஆகிவிட்டது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லையா, மருந்தை ஏற்று. அதற்கும் மசியவில்லையா, அறுவைக்கு அனுப்பு!

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இதைத் திருத்திற்று. பல பெண்களுக்கு மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது மிகுதியான வேகம். அதை மட்டும் வைத்துக்கொண்டு தலையிடலாகாது. தீவிர வலி நிலை ஐந்து சென்டிமீட்டரிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றது. 2020-இல் புதிய தாளும் வந்தது. அதில் துணைக்கு ஆள் இருக்கிறாரா, தாய் தண்ணீர் குடித்தாளா, எழுந்து நடக்கிறாளா என்பவற்றையும் குறிக்க வேண்டும். பயிற்சி பெறுபவர் இத்தாளை நிரப்பக் கற்பதோடு நில்லாமல், அருகே அமர்ந்து தாயின் வயிற்றில் கை வைத்துப் பத்து நிமிடத்தில் எத்தனை முறை வலி வந்து போகிறது என்று எண்ணவும், குழந்தையின் இதயத் துடிப்பைக் காதால் கேட்கவும், மல்லாந்து படுக்காமல் குந்தியோ சாய்ந்தோ மண்டியிட்டோ பெறத் துணை செய்யவும் கற்கிறார். நம் பாட்டிமார் அறிந்ததை இத்தனை சுற்றுச் சுற்றி வந்து கற்கிறோமே என்று தோன்றலாம். அது பாதி உண்மைதான்.

மறுபாதி, காத்திருக்கக் கூடாத நேரத்தை அறிவது. பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போட்டாக வேண்டும். உதிரம் அரை லிட்டரை எட்டினால் அது ஆபத்து. கருப்பையைப் பிடித்துவிடுவதும், மருந்து கொடுப்பதும், ஆள் கூப்பிடுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். தலை வெளிவந்து தோள் மாட்டிக்கொண்டால் சில நிமிடங்களே உண்டு. தாயின் தொடைகளை மடக்கி வயிற்றோடு சேர்த்து அழுத்த வேண்டும். வலிப்பு கண்டால் மெக்னீசியம் சல்பேட். மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் முகமூடிப் பையால் காற்று. பழைய மருத்துவச்சியிடம் பொறுமை இருந்தது, இம்மருந்துகள் இல்லை. இன்றைய பிரசவ அறையில் மருந்துகள் உண்டு, பொறுமைக்கு நேரமில்லை. இரண்டையும் ஒருவரிடமே சேர்ப்பது எளிதான செயலன்று. பதினெட்டு மாதம் என்பது நீண்ட காலமுமன்று.

இவர்கள் பணி செய்வதற்கென்று மருத்துவச்சியர் பொறுப்பிலான பிரிவுகள், அறுவை வசதியுள்ள மருத்துவமனைகளிலேயே அமைய வேண்டும் என்பது திட்டம். தாயின் நிலை இயல்பு கடந்தால் அதே கட்டடத்திலுள்ள மருத்துவர் ஏற்றுக்கொள்வார். மருத்துவருக்கு மாற்றாக இவர்கள் வருகிறார்கள் என்ற அச்சம் ஆதாரமற்றது.

நியாயமான அச்சம் வேறொன்று: படித்து முடித்தபின் எங்கே போவது? மருத்துவச்சியர் பயிற்சி நம் நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. குஜராத்தில் முன்னரே இத்தகைய பயிற்சி நடந்தது. ஆனால் அதை முடித்தவர்களுக்கெனத் தனிப் பதவி இல்லை. வார்டுகளை மாற்றி மாற்றிப் பணியமர்த்தும் வழக்கம் செவிலியருக்கு உரியது. இந்த மாதம் பிரசவ அறை, அடுத்த மாதம் எலும்பு முறிவுப் பிரிவு என்றால், கற்ற கை மறந்துபோகும். இலங்கையில் ‘மருத்துவமாது’ என்பது செவிலியர் பதவியிலிருந்து வேறான தனிப் பதவி. ஊர் ஊராகத் தாய்மாரைப் பார்ப்பவர் அவரே. நம் நாட்டில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் செவிலியர் மட்டுமே இருந்தனர். அதற்கு மாற்றாக 2023-இல் இயற்றப்பட்ட தேசியச் செவிலியம், பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் மருத்துவச்சியின் தொழிலையும் தன் பெயரிலேயே ஏற்றிருக்கிறது. ஆனால் அரசு மருத்துவமனைகளில் அப்பெயரில் ஒரு பதவியை ஏற்படுத்தி, ஊதியம் வகுத்து, அவரைப் பிரசவ அறையிலேயே நிலைநிறுத்துவது அந்தந்த மாநில அரசுகளின் வேலை.