மறுபடியும் கூப்பிடுகிறார்கள், மாமா!

மலர்க்குழுவினர் "மெக்கானிக்கல் சார்பில் ஒரு கட்டுரை கொடு" என்று கேட்டபோது, ராக்கெட்டைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சிவகிரியில் எங்கள் மாமா வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு சண்டை என்னை இந்தப் பக்கம் திருப்பிவிட்டது. சண்டை மாமாவுக்கும் எனக்கும்தான். காரணம் ஒரு கடிதம்.

மாமாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம். நாலு வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு செகண்ட்-ஹேண்ட் கார் வாங்கினார். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். வாங்கின மறு வருஷமே பழைய ஓனர் போன் செய்து, "அண்ணாச்சி, உங்க வண்டிக்கு கம்பெனியில இருந்து ரீகால் லெட்டர் வந்திருக்கு. என் அட்ரஸுக்கே அனுப்பியிருக்காங்க" என்றார். மாமா ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டுத் திருநெல்வேலி போனார். "செக் பண்ணியாச்சு, ஓ.கே." என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் அதே பார்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். போனால், "ஸ்டாக் இல்ல சார், வந்ததும் போன் பண்றோம்". மூன்று வாரம் கழித்து இன்னொரு நடை போன பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது இந்தப் பொங்கலுக்கு முன்னால் மூன்றாவது அழைப்பு. இந்தத் தடவை வேறு பார்ட்.

"ஏல மருமவனே, பெட்ரோலு என் காசு, கெடுத நாளும் என் காசு. அவன் செஞ்ச தப்புக்கு நான் எதுக்குல அலையணும்? மூணு தடவ கூப்பிட்டான்னா வண்டியே ஓட்டைன்னுதான அர்த்தம்? இனிமே நான் போறதா இல்ல" என்று கடிதத்தை முருகன் காலண்டருக்குப் பின்னால் சொருகிவிட்டார் மாமா.

மாமாவின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் ஆபத்தானது. ஏன் என்று திண்ணையில் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ரீகால் என்ற வார்த்தை. பத்திரிகைகளில் "கார்களைத் திரும்பப் பெறுகிறது" என்று போடுவார்கள். படிக்கிறவர்கள் ஏதோ காரை வாங்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுப்பார்கள் போல என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் ஒரு பாகம் பழுதாக வாய்ப்பு இருக்கிறது, அது உயிருக்கு ஆபத்தாகலாம், கொண்டுவாருங்கள், இலவசமாகப் பார்த்து மாற்றித் தருகிறோம் என்பதுதான் விஷயம்.

எந்த வண்டி என்று எப்படித் தெரியும்? நாம் சேஸிஸ் நம்பர் என்று சொல்லும் அந்த 17 எழுத்துச் சங்கிலிதான் வழி. 'எம்.ஏ.3' என்று ஆரம்பித்தால் மாருதி, 'எம்.ஏ.எல்.' என்றால் ஹூண்டாய். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துக்கள் அதில் வரவே வராது. 1, 0 இவற்றோடு குழம்பிவிடும் என்பதால் விலக்கி வைத்திருக்கிறார்கள். எந்த சேஸிஸில் எந்த சப்ளையரின் எந்த பேட்ச் பாகம் ஏறியது என்ற கணக்கு தொழிற்சாலையில் சரியாக இருந்தால், பழுதான பேட்ச் போன வண்டிகளை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். கணக்கு சரியில்லை என்றால் சந்தேகப்படும் எல்லா வண்டியையும் கூப்பிட வேண்டியதுதான். இல்லாவிட்டால் கொஞ்சத்தைக் கூப்பிட்டு மீதியைக் கோட்டை விட வேண்டியதுதான்.

இந்தக் கோட்டை விடுகிற இடத்தில்தான் இரண்டாவது ரீகால் பிறக்கிறது.

நம்ம தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மறைமலைநகரில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் தயாரான ஃபிகோ, கிளாசிக் கார்களில் 2012-ல் 1,28,655 வண்டிகளை அந்தக் கம்பெனி பரிசோதனைக்கு அழைத்தது. பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: பின்பக்க ட்விஸ்ட் பீம், பவர் ஸ்டியரிங்கின் ஆயில் ஹோஸ். அடுத்த வருஷம் 2013-ல் மறுபடியும் ஒரு அறிவிப்பு. இந்தத் தடவை 1,66,021 வண்டிகள். பாகங்கள் அதே ட்விஸ்ட் பீம், அதே ஹோஸ்! அந்த ஓனர்கள் வீட்டுத் திண்ணையிலும் எங்கள் மாமா மாதிரியே பேசியிருப்பார்கள்.

ட்விஸ்ட் பீம் என்றால் என்ன? நடுத்தரக் கார்களில் பின் சக்கரம் இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டம். அதன் இரண்டு முனையிலும் ட்ரெய்லிங் ஆர்ம் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது இந்தச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். முறுக்க வேண்டும் என்றே அதை மூடிய குழாயாகச் செய்யாமல், ஒரு பக்கம் திறந்த வடிவத்தில் செய்கிறார்கள். அதாவது முறுக்குவதுதான் அதன் வேலையே. நம்ம ஊர் ரோட்டில், சிவகிரியில் இருந்து வாசுதேவநல்லூர் போய் வருவதற்குள் எத்தனை தடவை முறுக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைக் கையால் இழுத்து உடைக்க முடியாது. முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் 'டக்' என்று உடைந்துவிடும். இதுதான் ஃபெட்டீக். எஸ்.ஓ.எம். வகுப்பில் எஸ்-என் கர்வ் போட்டபோது, "இது எங்க சார் வரப்போகுது?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்தான். இங்கேதான் வருகிறது! உலோகம் ஒருமுறை தாங்கும் பளுவைவிடக் குறைவான பளுவிலேயே, லட்சக்கணக்கான தடவை மாறி மாறி விழும்போது விரிசல் விடும். விரிசல் பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில் ஆரம்பிக்கும். ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன் அங்கேதான் அதிகம்.

அந்தப் பாடத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரே கம்பியில் இருந்து பத்துத் துண்டு வெட்டி, ஒரே பளுவில் சோதித்தாலும் பத்தும் ஒரே சுற்றில் உடையாது. ஒன்று சீக்கிரம் உடையும், இன்னொன்று பல மடங்கு தாங்கும். வண்டியும் அப்படித்தான். முதலில் உடைந்து வந்த வண்டிகளைப் பார்த்து, "இந்தத் தேதிக்குள் தயாரானவைதான் பாதிப்பு" என்று எல்லை போடுகிறார்கள். அடுத்த வருஷம், எல்லைக்கு வெளியே உள்ள வண்டிகளும் போதுமான கிலோமீட்டர் ஓடி முடிக்கும். அவற்றிலும் விரிசல் தெரிந்தால் எல்லையைத் தள்ளிப் போட வேண்டும். இது போக, வெறும் 'செக்' செய்து ஓ.கே. சொன்ன வண்டிக்கு அந்த ஓ.கே. அன்றைய தேதிக்கு மட்டும்தான் செல்லும். முளைக்காத விரிசலை எந்த மெக்கானிக்காலும் பார்க்க முடியாது. "அன்னைக்கு ஓ.கே.ன்னு சொன்னானே" என்ற மாமாவின் கேள்விக்கு ஒரு பதில் இதுதான்.

எல்லை விரிவதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் ஜப்பானின் டகாடா கம்பெனி ஏர்பேக். 2008-ல் அமெரிக்காவில் ஹோண்டா சுமார் 4,000 கார்களோடு ஆரம்பித்த ரீகால் அது. ஏதோ ஒரு தொழிற்சாலையில் மருந்தைச் சரியாக அழுத்தவில்லை, அவ்வளவுதான் என்று ஆரம்பத்தில் காரணம் சொன்னார்கள். பிறகு பார்த்தால் மருந்திலேயே கோளாறு. ஏர்பேக்கை விரிய வைக்க அவர்கள் உபயோகித்தது அமோனியம் நைட்ரேட். ஈரம் உறிஞ்சும் பொருள் எதுவும் கூட வைக்கவில்லை. பல வருஷம் வெக்கையும் ஈரக்காற்றும் மாறி மாறிப் பட்டு மருந்து நொறுங்கி, விபத்து நேரத்தில் வேண்டியதைவிட வேகமாக எரிந்து, இரும்புக் கூடே வெடித்துச் சில்லுகள் ஓட்டுநர் மேல் பாய்ந்தன. காப்பாற்ற வைத்த பொருளே அமெரிக்காவில் மட்டும் 25-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த நாட்டில் மட்டும் மாற்ற வேண்டியிருந்தவை சுமார் 6 கோடியே 70 லட்சம். கம்பெனி 2017-ல் திவாலானது.

கொடுமை என்னவென்றால், நல்ல வடிவமைப்பு கையில் வருவதற்குள் சில கார்களில் பழைய வகையையே புதிதாக மாட்டி அனுப்பினார்கள். புதிது என்பதால் சில வருஷம் தாங்கும் என்ற கணக்கு. அந்தக் கார்களை மறுபடியும் கூப்பிட வேண்டியதாயிற்று. இந்தியாவிலும் ஹோண்டா 2015-ல் 2,23,578 கார்களையும், 2016-ல் 1,90,578 கார்களையும், 2017-ல் 41,580 கார்களையும் இதே ஏர்பேக்குக்காக அழைத்தது. வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில்தான் இந்த மருந்து சீக்கிரம் கெடும். நம்ம கடற்கரை ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் ரீகால் கடிதத்தைக் காலண்டருக்குப் பின்னால் சொருகுவது எவ்வளவு ஆபத்து என்பதும் புரியும்.

அதே கம்பெனி ஃபியூயல் பம்புக்காக 2020-ல் 65,651 கார்களையும், 2021-ல் 77,954 கார்களையும், 2024-ல் 92,672 கார்களையும் அழைத்தது. டேங்குக்குள் இருக்கும் பம்பின் இம்பெல்லர் பழுது. ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நின்றுவிடலாம். மாருதியும் மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் என்ற ஒரே பாகத்துக்காக 2019-ல் 63,493, 2021-ல் 1,81,754 வண்டிகளை அழைத்தது. ஆக, இது ஒரு கம்பெனியின் குணம் இல்லை. ஒரே சப்ளையர் பல லட்சம் பாகம் செய்து பல மாடலுக்குக் கொடுக்கிற காலம் இது. அங்கே ஒரு தப்பு நடந்தால் அது எத்தனையோ ஊர்த் திண்ணைகளுக்கு வந்து சேர்கிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2012 வரை நம் நாட்டில் இதற்கென்று ஒழுங்கான முறையே கிடையாது. அந்த வருஷம் கார் கம்பெனிகளின் சங்கமான சியாம், விருப்பப்பட்டுச் செய்கிற ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1966-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதை நினைத்தால் நாம் எவ்வளவு பின்னால் இருந்தோம் என்று தெரியும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் அதன் விதிகள் அமலுக்கு வந்தன. இப்போது ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஓனர்கள் புகார் கொடுத்தால் மத்திய அரசே விசாரித்து ரீகால் உத்தரவு போடலாம். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். கம்பெனி தானாக முன்வந்து அறிவித்தால் அபராதம் இல்லை. மாமா திட்டுகிற அந்தக் கடிதம், ஒளித்து வைக்காமல் சொல்லிவிட்டார்கள் என்பதற்கும் அடையாளம்தான். இதைச் சொன்னதும் மாமா, "ஓகோ, அதுக்கு மாலை வேற போடணுமோ?" என்றார்.

ஆனால் சட்டத்தில் ஓனருடைய ஒரு நாளுக்கு விலை இல்லை. பாகம் இலவசம், கூலி இலவசம். சிவகிரியில் இருந்து திருநெல்வேலி போய் வரும் பெட்ரோலும், மார்க்கெட்டில் போன ஒரு நாளும் யார் கணக்கு? சென்னையில் இருப்பவர் ஆபீஸ் போகிற வழியில் வண்டியை விட்டுப் போவார். நம்ம மாதிரி ஊர்க்காரருக்கு ஒவ்வொரு ரீகாலும் ஒரு பயணம். ஸ்டாக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தால் மாமாவின் கோபம் பாதியாகக் குறைந்திருக்கும். இதில் கம்பெனி பக்கம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

செகண்ட்-ஹேண்ட் வண்டிக்காரருக்கு இன்னொரு தொல்லை. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறினாலும் கம்பெனி கணக்கில் பழைய ஓனரின் போன் நம்பரே கிடக்கும். அவர் நல்ல மனுஷனாக இருந்ததால் மாமாவுக்குத் தெரிந்தது. பெரும்பாலான கம்பெனிகளின் இணையதளத்தில் 17 எழுத்து சேஸிஸ் நம்பரைப் போட்டால் ரீகால் நிலுவை இருக்கிறதா என்று தெரியும். எந்த சர்வீஸ் சென்டரிலும் சேஸிஸ் நம்பரைச் சொல்லி நம் போன் நம்பரை ஏற்றச் சொல்லலாம். வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் 'பார்த்தது' என்று எழுதியிருக்கிறதா, 'மாற்றியது' என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். மாமாவின் முதல் ஜாப் கார்டைத் தேடி எடுத்தேன். 'பார்த்தது' மட்டும்தான்.

போன மாதம் மறுபடியும் திண்ணையில் உட்கார்ந்து, ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை மாமா முன்னால் வளைத்து வளைத்து உடைத்துக் காட்டினேன். பதினாலாவது வளைப்பில் உடைந்தது. இன்னொன்றை எடுத்தேன். அது இருபத்திரண்டு வரை தாங்கியது. மாமா இரண்டு துண்டையும் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் காலண்டருக்குப் பின்னால் இருந்த கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்து, "ஸ்டாக் இருக்கான்னு மொதல்ல போன் போட்டுக் கேளு" என்றார்.

கேட்டேன். வரும் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சாவியைத்தான் மாமா இன்னும் கொடுக்கவில்லை.