கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள்

அரியலூர்ச் சுரங்கப் பள்ளத்திலிருந்து சுண்ணாம்புக்கல் பாரத்தோடு மேடேறும் டிப்பர் லாரியில், கிளட்சை விட்டதும் அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டால், அனுபவப்பட்ட ஓட்டுநர் அதைத் தள்ளிப்போட மாட்டார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, அடியில் புகுந்து புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருகிப் பார்ப்பார். ஜாயின்ட்டில் லேசாக ஆட்டம் இருந்தாலோ, மூடியின் விளிம்பில் செந்நிறத் துருப்பொடி ஒட்டியிருந்தாலோ, கிராஸ் போய்விட்டது என்று பொருள்.

லாரியின் கியர் பாக்ஸ் சட்டத்தோடு இறுக்கப்பட்டது. பின் அச்சோ ஸ்பிரிங் பட்டைகளின் தயவில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. இந்த இரண்டையும் இணைக்கும் தண்டு சாய்ந்த நிலையிலும் சுழன்றாக வேண்டும். அதைச் செய்து தருவது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் உருக்குத் துண்டு; அதுதான் கிராஸ். கூட்டல் குறி வடிவம், நான்கு முனைகள். ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறு கிண்ணம், அதன் உட்சுவரைச் சுற்றி ஊசி போன்ற உருளைகள். எதிரெதிர் முனைகள் இரண்டைக் கவை போன்ற ஒரு யோக்கும், மற்ற இரண்டை இன்னொரு யோக்கும் பிடித்துக்கொள்ளும். யூ-ஜாயின்ட் என்பது இவ்வளவுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விசித்திரம் உண்டு. சாய்ந்து நிற்கும் ஜாயின்ட்டின் ஒரு பக்கத்தைச் சீராகச் சுழற்றினால், மறுபக்கம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். மொத்தச் சுற்று எண்ணிக்கை மட்டும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும். தண்டு நிமிடத்துக்கு 2000 சுற்று சுழல்கிறது, சாய்வு 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மறுபக்கத்தின் வேகம் 1992-க்கும் 2008-க்கும் இடையே ஊசலாடும். 10 டிகிரி என்றால் 1970 முதல் 2031 வரை. 20 டிகிரியில் 1879 முதல் 2128 வரை. சாய்வு இரட்டிப்பானால் ஊசலாட்டம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. இது விநாடிக்குச் சுமார் 67 தடவை நடக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். இருக்கைக்கு அடியில் எழும் அந்த அடித்தொண்டை ரீங்காரம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

இந்த ஊசலாட்டத்தை ஒருவர் குறையாகப் பார்க்காமல் கருவியாகவே பயன்படுத்தினார். ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1676-ல் வெளியிட்ட நூலில் இந்த இணைப்பை விவரித்து, அதைச் சூரியக் கடிகாரத்தோடு தொடர்புபடுத்திக் காட்டினார். கிடைமட்டத் தகட்டில் விழும் நிழல் மணிக்கு மணி ஒரே அளவு நகராது. அது நகரும் கணக்கும், சாய்ந்த ஜாயின்ட் சுழலும் கணக்கும் ஒரே சமன்பாடு. பூமியின் அச்சுக்கு இணையாக முள் நட்ட ஒரு கடிகாரத்தை அரியலூரில், அதாவது 11 டிகிரி வட அட்சரேகையில் வைத்தால், நண்பகலிலிருந்து ஒரு மணிக்குள் நிழல் 3 டிகிரிதான் நகரும். மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள் 54 டிகிரி பாயும். லாரிக்கு அடியில் ஒவ்வொரு சுற்றிலும் நடப்பது இதே முந்தலும் பிந்தலும்தான், மிகச் சிறிய அளவில். ஐரோப்பாவில் இந்தத் தண்டுக்கு இத்தாலியரான கார்டானோவின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் கணக்கோடு சேர்த்து இதைப் புரிந்துகொண்டவர் ஹூக் என்பதால், எனக்கு அவர் பக்கமே மனம் சாய்கிறது.

மோட்டார் வண்டிகளில் இந்த ஜாயின்ட்டைப் பரவச் செய்தவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். 1903-ல் காப்புரிமை பெற்று, மறு ஆண்டே தயாரிப்பைத் தொடங்கினார். அதற்கு முன் பல வண்டிகளில் பின்சக்கரத்தைச் சுழற்றியது தூசியிலும் சேற்றிலும் திறந்து கிடந்த சங்கிலி.

ஊசலாட்டத்தை எப்படி அடக்குவது? இரண்டாவது ஜாயின்ட்டால். முதல் ஜாயின்ட் முந்தும் நேரத்தில் இரண்டாவது அதே அளவு பிந்தினால் போதும், பின் அச்சுக்குச் சீரான சுழற்சி போய்ச் சேரும். இதற்கு இரண்டு நிபந்தனைகள். இரு முனைகளிலும் சாய்வு சமமாக இருக்க வேண்டும். நடுத்தண்டின் இரு யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். தண்டின் நடுவில் நீளம் கூடிக் குறைய வழிசெய்யும் பல்வரிசை ஒன்று உண்டு. தண்டைக் கழற்றி மாட்டும்போது அதில் ஒரு பல் தள்ளிச் செருகிவிட்டால் யோக்குகளின் தளம் மாறிப்போகும், ஊசலாட்டம் முழுதாக அடங்காது. புதுக் கிராஸ் போட்ட பிறகும் வண்டி அதிர்கிறது என்று உரிமையாளர் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கழற்றுமுன் பல்வரிசையின் இருபுறத்துக்கும், ஃபிளாஞ்ச்சுகளுக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போட அரை நிமிடம்கூட ஆகாது. அந்தக் கோட்டைப் போடாமல் யாரும் ஸ்பானரைக் கையில் எடுக்கக் கூடாது என்பேன்.

அரியலூரில் முதல் நிபந்தனையும் அடிக்கடி உடைகிறது. ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் ஆலைகளுக்குக் கல் சுமக்கும் வண்டி போகும்போது முழுப் பாரம், திரும்பும்போது வெறும் வண்டி. பட்டை அமுங்கி எழும் ஒவ்வொரு முறையும் சாய்வு மாறுகிறது. பாரத்தோடு பள்ளத்திலிருந்து கிளம்பும்போது பின் அச்சே லேசாக முறுக்கிக்கொள்ள, இரு முனைச் சாய்வுகளும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகின்றன. பாரம் தாங்கட்டும் என்று கூடுதலாக ஒரு பட்டை செருகினால் வண்டியின் பின்புறம் நிரந்தரமாக உயர்ந்து, கணக்கு இன்னும் கெடும்.

அடுத்தது தூசி. பெரம்பலூர், அரியலூர் நிலத்தின் ஒரு பகுதி டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் கடலடியாக இருந்தது. சுண்ணாம்பு அன்று படிந்த வண்டல். அதன் கனிமமான கால்சைட் மோஸ் அளவுகோலில் 3 மட்டுமே, உருக்கைக் கீறும் வலு அதற்கு இல்லை. அதோடு கலந்து வரும் மணலின் குவார்ட்ஸ் 7. கடினப்படுத்திய உருக்கையும் அது தேய்த்துவிடும். மென்தூளும் சும்மா இருப்பதில்லை. சீல் வழியாக நுழைந்து கிரீஸோடு குழைந்து களியாக்கிவிடுகிறது.

தண்டு முழுச் சுற்று சுற்றினாலும் கிண்ணத்துக்குள் கிராஸின் முனை சுற்றுவதில்லை. கதவுக் கீல்போலச் சில டிகிரி முன்னும் பின்னும் அசைகிறது, அவ்வளவே. சாய்வே இல்லாமல் நேர்கோட்டில் ஓடினால் அந்த அசைவும் நின்றுவிடும். ஊசிகள் ஒரே இடத்தில் அழுந்தி, உருக்கில் கோடு கோடாகப் பள்ளம் விழும். ஆகவே ஒரு டிகிரிக்குக் குறையாத சாய்வு வேண்டும் என்றே வடிவமைக்கிறார்கள். கழற்றிய கிராஸின் முனையை நகத்தால் வருடினால் இந்தப் பள்ளங்கள் தட்டுப்படும்.

மாற்றும் வேலையில் பலம் காட்டவே கூடாது. கிண்ணங்களைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப்புகளை எடுத்து, வைஸிலோ பிரஸ்ஸிலோ வைத்து ஒரு கிண்ணத்தை உள்ளே தள்ளினால் எதிர்க்கிண்ணம் வெளியே வரும். சுத்தியலால் யோக்கின் காதை அடித்தால் துளைகள் நேர் விலகும், பிறகு எந்தப் புதுக் கிராஸும் அதில் நிலைக்காது. புதியதை மாட்டும்போது ஊசிகளைக் கிரீஸில் ஒட்டவைத்து நிமிர்ந்து நிற்கச் செய்ய வேண்டும். ஓர் ஊசி சாய்ந்து கிண்ணத்தின் அடியில் விழுந்தாலும் கிண்ணம் முழுதாக இறங்காது, சர்க்கிளிப் தன் பள்ளத்தில் உட்காராது. அங்கே அடித்து இறக்கப் பார்ப்பவர் கிராஸையும் யோக்கையும் சேர்த்தே இழப்பார்.

பழைய கார் பிரியர்களுக்கும் இதே வேலை காத்திருக்கிறது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு காரில், பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித் தண்டு. சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்க, டிஃபரென்ஷியலை ஒட்டி ஆளுக்கு ஒரு ஜாயின்ட். 1962-ல் இங்கிலாந்தில் வந்த டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே பின்புற அமைப்புதான். இங்கே ஊசலாட்டத்தை ஈடுகட்ட இரண்டாவது ஜாயின்ட் கிடையாது. சக்கரம் ஏறி இறங்கித் தண்டு சாயும்போதெல்லாம் முந்தலும் பிந்தலும் அப்படியே டயர் வரை போகும். 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரில் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு ஒரே கட்டையான பின் அச்சைப் போட்டார்கள். ஹெரால்டை இன்றும் ஓட்டுபவர்கள் அந்த இரு ஜாயின்ட்டுகளையும் லாரிக்காரரைவிடக் கூடுதல் அக்கறையோடு பார்க்க வேண்டும்.

லாரியானாலும் ஹெரால்டானாலும், மாட்டி முடித்ததும் கிராஸைக் கையால் நாலு பக்கமும் அசைத்துப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் யோக்கை மெல்லத் தட்டிக் கிண்ணங்களைத் தளர்த்துங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸ் என்றால், நான்கு சீல்களிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை பம்ப் செய்யுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தக் கிண்ணம் காய்ந்துதான் இருக்கிறது. அதை மட்டும் சற்றுத் தளர்த்தி, மறுபடி பம்ப் செய்து, அங்கும் வந்த பிறகே ஷாஃப்ட்டை வண்டியில் ஏற்றுங்கள்.